மலிவுச் செலவில் எடுக்கப்பட்ட பழைய ஹாலிவுட் கவ்பாய் படங்களின் நாயகர்களுக்கு எப்படிப்பட்ட திரை வாழ்க்கை கிடைத்தது?

கேட்டவர் ஜான் வெய்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட் மாதிரியான பெரிய பெயர்களை ஒதுக்கிவிட்டு, 1930, 40களில் ஒரு வாரத்தில் எடுத்து முடித்த சின்னப் படங்களின் நாயகர்கள் எப்படிப் பிழைத்தார்கள், கடைசியில் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலப் படங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒருவரின் கதையைச் சொன்னால் அந்தத் தொழிலே புரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பாப் ஸ்டீலின் கதையைச் சொல்கிறேன்.

இயற்பெயர் ராபர்ட் ஏட்ரியன் பிராட்பரி. 1907-ல் ஆரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். அப்பா ராபர்ட் என். பிராட்பரி, மேடைக் கலைஞராக இருந்து சினிமா இயக்குநரானவர். 1920களின் தொடக்கத்தில் இரண்டு பையன்களையும் காட்டில் வேட்டையாடும் சிறுவர்களாக நடிக்கவைத்துக் குறும்படத் தொடர் ஒன்றை எடுத்தார். அதனால் பாப் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே கேமராவுக்குப் பழகிவிட்டார். கிளெண்டேல் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்த காலத்தில் அங்கே மேரியன் மோரிசன் என்று ஒரு நெட்டைப் பையனும் படித்தான். பின்னாளில் ஜான் வெய்ன் ஆனது அவன்தான்.

1927-ல் எஃப்பிஓ என்ற நிறுவனம் பாப்பை நாயகனாக ஒப்பந்தம் செய்து, பாப் ஸ்டீல் என்று பெயரும் வைத்தது. ஜான் எஃப். கென்னடியின் அப்பா ஜோசப் கென்னடி கையில் அப்போது இருந்த நிறுவனம் அது. பேசும்படம் வந்தபோது எத்தனையோ பேருக்குப் பிழைப்பே போனது. இவருக்குக் குரலும் நன்றாக இருந்ததால் தாக்குப்பிடித்தார். அதற்கப்புறம் டிஃபனி, வேர்ல்ட் வைட், மோனோகிராம், சுப்ரீம், ரிபப்ளிக், பிஆர்சி என்று கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டே இருந்தார். இதில் ரிபப்ளிக் ஒன்றுதான் கொஞ்சம் வசதியான இடம். மற்றவையெல்லாம் ஹாலிவுட்காரர்கள் 'பாவர்ட்டி ரோ' (வறுமைத் தெரு) என்று அழைத்த கூட்டம்.

இந்தப் படங்களின் கணக்கு வழக்கு தெரியாமல் நடிகர்களின் வாழ்க்கை புரியாது. பெரிய ஸ்டுடியோ தன் பெரிய படத்துக்குத் தியேட்டர் வசூலில் சதவீதம் வாங்கும். சின்னப் படத்துக்கு அது கிடையாது, இத்தனை டாலர் என்று நிலையான வாடகை மட்டும்தான். பாவர்ட்டி ரோ கம்பெனிகள் அதற்கும் ஒரு படி கீழே. ஊர் ஊராக விநியோகிக்கச் சொந்த ஆட்கள் இல்லாததால், ஏரியா ஏரியாவாக ஒரே தொகைக்கு அவுட்ரைட்டில் விற்றுவிடுவார்கள். படம் எவ்வளவு பிரமாதமாக ஓடினாலும் தயாரிப்பாளருக்கு மேற்கொண்டு ஒரு காசு வராது. அப்படியானால் லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது. அதனால்தான் ஒரு படத்துக்கு 10,000 முதல் 15,000 டாலர் என்று பட்ஜெட், ஐந்தாறு நாள் படப்பிடிப்பு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நீளம். ஆறு படம், எட்டுப் படம் என்று ஒரு தொடராக முன்கூட்டியே விற்றுவிட்டுத்தான் முதல் படத்துக்கே கேமரா வைப்பார்கள். நடிகர் கையெழுத்துப் போடுவதும் அந்தத் தொடருக்குத்தான். வெற்றி தோல்வியால் அவர் சம்பளம் பெரிதாக மாறாது. தொடர் முடிந்தால் அடுத்த தொடர் தேட வேண்டும், அவ்வளவுதான்.

சன்செட் பவுல்வார்டும் கோவர் தெருவும் சந்திக்கும் முனையில் நிஜ மாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த குதிரைக்காரர்கள் தொப்பியும் பூட்ஸுமாகக் காலையிலிருந்தே நிற்பார்களாம். கூட்டத்தில் ஒருவனாக, குதிரையிலிருந்து விழுபவனாக அன்றைக்கு ஒரு வேலை கிடைக்காதா என்று. அந்த முனைக்கு 'கோவர் கல்ச்' என்றே பெயர் வந்துவிட்டது. அவர்களைப் பார்க்கும்போது பாப் ஸ்டீல் கொடுத்துவைத்தவர்.

வெளிப்புறக் காட்சிகளுக்கு இடமும் திரும்பத் திரும்ப அதேதான்: சாட்ஸ்வொர்த்தில் ஐவர்சன் பண்ணையின் பாறைகள், லோன் பைன் பக்கத்து அலபாமா குன்றுகள், பிளாசெரிட்டா கேன்யன். பத்துப் படம் பார்த்துவிட்டால் உங்களுக்கே ஒவ்வொரு பாறையும் அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும். டெக்ஸாஸ் என்றாலும் அரிசோனா என்றாலும் அதே பாறைதான்.

கதையும் அப்படித்தான். பாப் ஸ்டீல் படங்களில் முதல் பத்து நிமிடத்தில் அவருடைய அப்பாவை யாராவது கொன்றுவிடுவார்கள். மீதிப் படம் முழுக்கக் கொலைகாரனைத் தேடிப் போவார். அவற்றில் ஏராளமான படங்களை இயக்கியது அவருடைய நிஜ அப்பா பிராட்பரிதான். மகனுக்கு எது நன்றாக வரும் என்று அந்த மனிதர் துல்லியமாகக் கணித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பாப்பிடம் ஒரு தீராத கோபம் உண்டு, அது நடிப்பாகவே தெரியாது.

உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்தான். கவ்பாய் நாயகனுக்கு அது குறைவு. எதிரில் சார்லஸ் கிங் மாதிரி பருத்த, மீசை வைத்த வில்லன் நிற்பார். சண்டை தொடங்கியதும் கவனித்துப் பாருங்கள்: மற்ற நாயகர்கள் நின்ற இடத்தில் நின்று கையை வீசுவார்கள். இவர் மேசை மேல் ஏறி, உடம்பு முழுவதையும் எறிந்து, எதிராளியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே தரையில் உருளுவார். தொப்பி பறந்துபோய், சுருட்டை முடி நெற்றியில் விழுந்து, மூச்சு வாங்கும். நாற்காலி உடையும் சத்தத்தைத் தவிர இசைகூட இருக்காது. 'பேட்லிங் பாப்' என்று சனிக்கிழமை மேட்னி பார்க்க வந்த சிறுவர்கள் கொண்டாடியது இதற்காகத்தான். குதிரையிலும் அப்படியே. ஓடும் குதிரையில் தாவி ஏறுவதை அவர் அளவுக்கு அலட்டிக்கொள்ளாமல் செய்தவர்கள் குறைவு. திரையரங்குக்காரர்களிடம் வாக்குக் கேட்டு வெளியிட்ட, வசூல் தரும் வெஸ்டர்ன் (கவ்பாய் பட) நடிகர்கள் பட்டியலில் 1930களின் பிற்பகுதியில் அவர் பெயரும் வந்தது.

இதே அப்பா பிராட்பரிதான் 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் படங்களில் ஜான் வெய்னையும் இயக்கினார். வெய்னின் முதல் பெரிய படம் 1930-ல் தோற்றுப்போய், அவரும் இந்தச் சின்னப் படங்களுக்குள்தான் விழுந்து கிடந்தார். ஆக ஒரே பள்ளி, ஒரே இயக்குநர், ஒரே மாதிரி படங்கள். வெய்னுக்கு 1939-ல் இயக்குநர் ஜான் ஃபோர்டு கைகொடுத்தார். அப்படி ஒருவர் பாப்புக்கு வாய்க்கவில்லை. திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆதாரம் அதே 1939-லேயே இருக்கிறது. ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' கதையை லூயிஸ் மைல்ஸ்டோன் படமாக்கியபோது, கர்லி என்ற பண்ணைக்காரர் மகன் வேடம் பாப்புக்குக் கிடைத்தது. தன் உயரக் குறைவு உள்ளே அரித்துக்கொண்டே இருப்பதால், பார்க்கும் பெரிய உருவக்காரனையெல்லாம் வம்புக்கு இழுப்பவன் கர்லி. இத்தனை வருடம் நாயகனுக்குப் பயன்பட்ட அந்தக் குட்டை உருவத்தையும் கோபத்தையும் அப்படியே திருப்பிப் போட்டு, அருவருக்க வைக்கிறார். பெரிய உருவக்காரனாக வரும் லான் சேனி ஜூனியர் பாப்பின் கையைப் பிடித்து நசுக்கும் காட்சியில் அந்த முகத்தைப் பாருங்கள்.

படம் ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரை வரை போனது. சரி, இனிமேல் பெரிய கம்பெனிகள் கூப்பிடும் என்றுதானே நினைப்போம்? 1940-ல் பாப் ஸ்டீல் நடித்தது பிஆர்சியின் 'பில்லி தி கிட்' தொடரில். ஹாலிவுட்டிலேயே அதைவிட மலிவான கம்பெனி தேடினாலும் கிடைக்காது. அந்தத் தொடரை இயக்கிய சாம் நியூஃபீல்டு ஒரே வருடத்தில் அத்தனை படம் எடுத்துத் தள்ளியதால், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரக் கூடாதென்று புனைபெயர்களில் இயக்கினார். அதே சமயத்தில் ரிபப்ளிக்கின் 'த்ரீ மெஸ்கிட்டீர்ஸ்' தொடரில் 1943 வரை 20 படம், அவற்றில் 13 படங்களில் டாம் டைலரும் கூட நடித்தார். இடையில் ராய் ராஜர்ஸ் நாயகனாக நடித்த ஒரு படத்தில் வில்லன். எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் போனார். இதைத் தோல்வி என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வேலை தெரிந்த ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

அப்புறம் 1946. ஹோவர்ட் ஹாக்ஸின் 'தி பிக் ஸ்லீப்'. பாப் ஸ்டீல் அதில் கனினோ என்ற கூலிக் கொலைகாரன். சில நிமிடங்கள்தான் வருகிறார். ஓர் இருண்ட அலுவலகத்தில் ஹாரி ஜோன்ஸ் என்ற அப்பாவியை உட்காரவைத்து ஒரு பெண்ணின் விலாசத்தைக் கேட்கிறார். பக்கத்து அறையில் ஒளிந்து நிற்கும் படத்தின் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டோடு சேர்ந்து நாமும் அதைப் பார்க்கிறோம். கனினோ குரலை உயர்த்தவே இல்லை. நண்பனிடம் பேசுவதுபோல் பேசி, குடிக்க ஊற்றிக் கொடுக்கிறார். அதில் விஷம். ஜோன்ஸ் பயத்தில் சிரித்துக்கொண்டே குடித்துச் சாகிறார். அவர் சொன்ன விலாசம் பொய் என்பது பிறகுதான் தெரியும். இருபது வருடம் சத்தமும் குதிரையும் துப்பாக்கியுமாக நடித்தவர், அசையாமல் நின்று இப்படி நடுங்க வைக்கிறார். நான் பார்த்த வில்லன் காட்சிகளில் இதற்கு மேல் வைக்க ஒன்றிரண்டுதான் உண்டு.

அவரோடு நடித்த மற்றவர்களின் முடிவைப் பார்த்தால்தான் இவர் நிலைத்து நின்றதன் அருமை தெரியும். டாம் டைலருக்கு மூட்டுவாத நோய் முற்றி வேலையே போய்விட்டது. 1954-ல் மிச்சிகனில் சகோதரியின் வீட்டில் வறுமையில் இறந்தார். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஹூட் கிப்சன், லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் வாசலில் வருபவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார். கென் மேனார்ட் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாகக் கிடந்து 1973-ல் போய்ச் சேர்ந்தார். நாயக வேடம் தவிர வேறொன்றைக் கற்பனை செய்துபார்க்க முடியாதவர்களை அந்தத் தொழில் இரக்கமில்லாமல் கைவிட்டது. டிவி வந்து 1954-ல் சின்ன வெஸ்டர்ன் தொடர்களே நின்றுபோயின.

டிவி அவர்களுக்குச் செய்த இன்னொரு கொடுமையும் உண்டு. பழைய படங்களையெல்லாம் சேனல்கள் வாங்கித் தினமும் ஓட்டின. நடித்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. 1960-ல் ரொனால்ட் ரீகன் தலைமையில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, அதற்குப் பிறகு எடுக்கப்படும் படங்களுக்கு மறுஒளிபரப்புப் பணம் வாங்கிக் கொடுத்தது. 1948 முதல் 1959 வரையிலான படங்களுக்கு ஓய்வூதிய நிதியாக ஒரு தொகை. 1948-க்கு முந்தைய படங்களுக்கு ஒன்றுமே இல்லை. பாப் ஸ்டீல் நாயகனாக நடித்தவை அத்தனையும் 1948-க்கு முந்தையவை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அவர் சின்னச் சின்ன வேடங்களில் தொடர்ந்து நடித்தார். பழைய நட்பை மறக்காத ஜான் வெய்னின் 'ரியோ பிராவோ', 'தி கோமாஞ்சிரோஸ்', 'மெக்லின்டாக்', 'ரியோ லோபோ' எல்லாவற்றிலும் இருக்கிறார். 1965 முதல் 1967 வரை ஓடிய 'எஃப் ட்ரூப்' என்ற நகைச்சுவைத் தொடரில் டஃபி என்ற கிழட்டுச் சிப்பாய். டெக்ஸாஸின் அலமோ கோட்டைச் சண்டையில் அமெரிக்க வீர நாயகன் டேவி க்ராக்கெட்டோடு தோளோடு தோள் நின்றேன் என்று யார் கிடைத்தாலும் கதை சொல்லும் பாத்திரம். 1926-ல் அப்பா பிராட்பரி எடுத்த அலமோ படத்தில் பாப் நிஜமாகவே நடித்திருந்தார்! அமெரிக்கச் சிறுவர்களில் ஒரு தலைமுறைக்கு அவர் டஃபியாகத்தான் தெரியும். 1968-ல் 'ஹேங் எம் ஹை' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தூக்கில் போட வந்த கும்பலில் மனசாட்சி உறுத்தித் தானாகவே சரணடையும் கிழவரும் அவர்தான். 1970கள் வரை நடித்து, 1988 டிசம்பரில் பர்பாங்கில் காலமானார்.

பார்க்க ஆசைப்பட்டால் 'தி பிக் ஸ்லீப்' படத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து 1935-ல் வந்த 'பிக் கேலிபர்'. விஷவாயுக் குப்பிகளை வைத்துக் கொல்லும் வேதியியல்காரனைப் பாப் துரத்தும் விசித்திரமான வெஸ்டர்ன், இயக்கம் அப்பாதான். அந்தக் காலச் சின்னப் படங்கள் பலவற்றுக்குக் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரின்ட் சுமாராகத்தான் இருக்கும், வசனம் சில இடத்தில் கரகரக்கும். சண்டைக் காட்சிக்கு அது ஒரு குறையே இல்லை.