பத்து நாளாயிற்று, குமட்டல்தான் மிச்சம்!

கேள்வி: முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் எழுதித் தந்த செரட்டோனின் (மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள்) மீது வேலை செய்யும் மாத்திரையைப் பத்து நாளாக விழுங்குகிறேன். குமட்டல்தான் மிச்சம். ‘பழகினால் விட முடியாது’ என்கிறாள், பொருளாதாரம் படிக்கும் அறைத்தோழி. நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. இந்த மருந்துகளில் தொல்லை முந்திக்கொள்ளும். பலன் பிந்தி வரும். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 வாரம், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். என்னிடம் வந்த மாணவர் ஒருவர் நான்காம் வாரம் வெட்கத்தோடு சொன்னார்: “டாக்டர், நேற்று துணிகளை மடித்து வைத்தேன்.” மாதக்கணக்கில் நாற்காலியில் குவிந்து கிடந்த துணி அது! பசிகூட அப்புறம்தான் வந்தது அவருக்கு.

தோழியிடம் சொல்லுங்கள்: மதுவைப்போல ஏங்க வைக்கும் மருந்தல்ல இது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். அதனால் படிப்படியாகத்தான் குறைப்போம், அதுவும் குணமாகி 6 மாதமாவது கழிந்த பிறகு.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்குத் தொடக்க வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடுவதுண்டு. அப்படித் தோன்றினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தோழியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.