குடியாத்தத்துத் தங்கைக்கு ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு,

குடியாத்தத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதமாகிறது, இரண்டரை வயது மகனும் ஒன்றரை மாதக் கைக்குழந்தையும் இருக்கிறார்கள், கணவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, பிள்ளைகள் அழுதால் கீழ்வீட்டார் முகம் சுளிக்கிறார்கள், மற்றவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலூர் சைதாப்பேட்டையில் பிறந்தவள். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பதினான்கு ஆண்டுகளாகின்றன. மற்றவர்களும் சமாளிக்கவில்லை என்பதே நான் கண்ட உண்மை. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் பிள்ளை வீறிட்டு அழுதால் பக்கத்து வீட்டு ஆயா கேட்காமலேயே உள்ளே வந்து இடுப்பில் தூக்கிக்கொள்வார். அந்தி சாய்ந்ததும் அந்தச் சேட்டையைத் தெருவுக்கே கதையாகச் சொல்வார். காலையில் அழுத தாயும் அதைக் கேட்டுச் சிரித்துவிடுவாள். இங்கே கதவு சாத்தியிருப்பதால் கதை சொல்ல ஆளில்லாமல், சேட்டை முழுவதும் தாயின் தலைமேல் பாரமாகவே தங்கிவிடுகிறது.

என் மகனுக்கு மூன்று வயதும் மகளுக்கு ஐந்து மாதமும் ஆகியிருந்த ஒரு ஜனவரிக் காலையைச் சொல்கிறேன். விருந்தினர் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம் என்பதால் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார். வெளியே போனால் மனம் ஆறும் என்று எண்ணி, மகனுக்கு உள்ளாடை, ஸ்வெட்டர், அதன்மேல் ஸ்னோ சூட், காலணி, கையுறை, தொப்பி என ஒவ்வொன்றாக மாட்டி முடிக்க இருபது நிமிடமானது. கடைசி ஜிப்பை இழுத்துவிட்டு, மகளுக்கு மாற்று டயப்பர் எடுக்க அடுத்த அறைக்குப் போய் வருவதற்குள், அம்மா வறுத்து அரைத்து வைத்துவிட்டுப் போன இரண்டு கிலோ கேழ்வரகு மாவு முழுவதும் கூடத்தில் கிடந்தது. பாயில் படுத்திருந்த தங்கையின் மேல் கைப்பிடி கைப்பிடியாகத் தூவியபடி, "பாப்பாவுக்குப் பனி பெய்யுதும்மா" என்றான். புருவத்தில் மாவோடு அவள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு அதைப் படமெடுத்து மூன்று பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தோசை மாவுக்குள் அப்பாவின் ஷூ மிதக்கும் பழைய படத்தை ஆம்பூர்த் தோழி அனுப்பினாள். துருக்கித் தோழி அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டாள். யாழ்ப்பாணத்து அக்கா, "கதவைத் திறந்து வையும், சோறு கொண்டு வாறன்" என்று எழுதினார். சொன்னபடியே வந்து, முதலில் விளக்குமாற்றைத்தான் கையில் எடுத்தார். மாவைக் கூட்டி அள்ளும்போது நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த மூவரையும் நான் கண்டது கிராபல்குருப்பே எனப்படும் தவழும் குழந்தைகளின் கூட்டத்தில்தான். உங்களுக்கும் அதற்கு வழி உண்டு. பிரசவித்த 12 வாரம் வரை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹெபாமே என்னும் மருத்துவச்சியின் செலவை அரசுக் காப்பீடு ஏற்கும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அருகில் அப்படிக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கூச்சப்படாமல் அவரிடமே கேளுங்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு கீட்டா எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருந்தாலும், இடம் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் மகனுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கீழ்வீட்டாரை எண்ணி நடுங்க வேண்டாம். காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் எழும் பிள்ளைகளின் ஒலியைப் பொதுவாகக் கேடான இரைச்சலாகக் கருதலாகாது என்று 2011-இல் சட்டம் திருத்திய நாடு இது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலும் மனச்சோர்வு விலகாமல், சிரிப்பும் வராமல், தூக்கமும் பிடிக்காமல் இருந்தால், அது உங்கள் குறையன்று. ஹெபாமேயிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஸ்டுட்கார்ட்டுக்கு எட்டும் தொலைவில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே உங்களை அழைத்துப் போகிறேன். வரும்போது மகனுக்கு மாற்று உடை இரண்டு செட் எடுத்துவாருங்கள், ஒன்று போதாது.