எழுத்துத் தேர்வு இல்லாத அரசு வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பத்தாம் வகுப்பில் 500-க்கு 471 எடுத்திருக்கிறேன். அஞ்சல் துறையில் ஜி.டி.எஸ். (கிராம அஞ்சல் ஊழியர்) வேலைக்குத் தேர்வே கிடையாது என்கிறார்கள். எனக்குக் கிடைக்குமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

தேர்வு கிடையாது என்பது உண்மை. நேர்முகமும் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றுதான் கணக்கு. உங்கள் 471 என்பது 94.2 சதவீதம், பட்டியலில் 94.2000 என்று நான்கு தசமம் வரை வரும். இரண்டு பேர் ஒரே புள்ளியில் நின்றால் வயதில் மூத்தவர் முந்துவார். பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ கூடுதல் மதிப்பு எதுவும் தராது. வயது 18 முதல் 40 வரை, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. கணிதம், ஆங்கிலம் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். தமிழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை பாடமாகப் படித்திருக்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய். பெண்கள் கட்ட வேண்டியதில்லை.

94-க்கு வேலை கிடைக்குமா என்பது நீங்கள் எந்த அஞ்சல் கோட்டத்தைத் தேர்வு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அண்மை அறிவிப்புகளின்படி ஒரு கோட்டத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். ஒவ்வொரு கிளை அஞ்சலகக் காலியிடமும் எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது என்பது பட்டியலிலேயே இருக்கும். பொதுப் பிரிவு இடங்களையும் உங்கள் பிரிவு இடங்களையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். இரண்டும் சேர்த்து எந்தக் கோட்டத்தில் அதிகமோ அங்கே போடுவதுதான் புத்திசாலித்தனம். வீட்டுக்குப் பக்கம் என்று நான்கு இடங்களை மட்டும் விருப்பமாகக் கொடுத்துவிட்டு, அதே கோட்டத்தில் உங்களைவிடக் குறைந்த மதிப்பெண்காரர் வேறொரு கிளையில் சேர்வதைப் பார்த்து வருந்த வேண்டாம். போய்ச் சேரத் தயாராக இருக்கிற எல்லா இடங்களையும் வரிசைப்படுத்துங்கள்.

நல்ல மதிப்பெண் இருந்தும் ஆட்கள் வெளியேறுவது சான்றிதழ் சரிபார்ப்பில்தான். தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றை அப்படியே எடுத்துப் போகிறார்கள். இது மத்திய அரசுப் பணி, ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு படிவத்தில், 'கிரீமி லேயர்' (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற வரியோடு, தனியாக ஒரு சான்று வேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன்பே இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் இருக்கும் பெயரும் இனிஷியலும் ஆதாரில் அப்படியே இருக்கிறதா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு சேருங்கள். 1977-ல் உச்ச நீதிமன்றம் ஜி.டி.எஸ். வேலையைக் குடிமைப் பதவி (அரசின் கீழான பதவி) என்றே ஏற்றது. ஆனாலும் இந்த ஊழியர்கள் வழக்கமான அஞ்சல் ஊழியர் பட்டியலில் வருவதில்லை. வேலை நாளுக்கு 4 அல்லது 5 மணி நேரம். ஜி.டி.எஸ். பதவிகளில் கிளை அஞ்சல் அதிகாரிக்கு 12,000 முதல் 29,380 வரையிலும், உதவிக் கிளை அஞ்சல் அதிகாரிக்கும் டாக் சேவக்கிற்கும் 10,000 முதல் 24,470 வரையிலும் தொடர்படி (ஊதியத்துக்குப் பதிலான மாதப் படி) உண்டு, அகவிலைப்படி தனி. கிளை அஞ்சல் அதிகாரியானால் அலுவலகத்துக்கான இடத்தை நீங்களே ஏற்பாடு செய்து, அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். பிறகு துறைத் தேர்வு வழியாகத் தபால்காரர், எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்) போன்ற நிரந்தரப் பணிக்குப் போகலாம்.

கணவர் அரசு அலுவலகத்தில் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். இரண்டு ஆண்டு ஆகிறது. மகனுக்கு 16 வயது. அவன் பெரியவன் ஆனதும் கருணை வேலைக்கு எழுதலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் எட்டாவது படித்திருக்கிறேன்.
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

அம்மா, தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தமிழக அரசுப் பணியென்றால், இறந்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மகன் வளரட்டும் என்று விட்டுவிட்டு, கெடு தாண்டிய பிறகு நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் ஏராளம், பெரும்பாலும் தோல்விதான். குடும்பம் திடீரென நிலைகுலையும்போது கைகொடுக்கத்தான் இந்த ஏற்பாடு, இது வாரிசுரிமை ஆகாது என்று 1994-லேயே உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதமாகப் போனால், 'இத்தனை நாள் சமாளித்தீர்களே' என்பதே எதிர்வாதமாகிவிடும்.

விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். அலுவலக உதவியாளர் பணிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இளநிலை உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும்.

கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தின் தலைவருக்கு விண்ணப்பத்தை எழுதி, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, குடும்பம் வறிய நிலையில் இருப்பதற்கான சான்று, உங்கள் கல்விச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். மாமியார் வாரிசுப் பட்டியலில் இருந்தால் அவர் கையெழுத்தும் தேவைப்படும். இங்கேதான் பல கோப்புகள் நின்றுபோகின்றன, முதலிலேயே பேசி முடியுங்கள். வீடு, நிலம், வீட்டில் வேறு யாராவது அரசு வேலையில் இருக்கிறார்களா என்பதெல்லாம் வட்டாட்சியர் விசாரணையில் வரும்; உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு சான்று கைக்கு வரவில்லை என்பதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். இருப்பதை வைத்துக் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். நாளைக்கு கெடு பற்றிக் கேள்வி வந்தால் அந்த முத்திரைதான் பேசும்.

ரேஷன் கடை வேலைக்கும், அரசு மருத்துவமனை லேப் டெக்னீசியன் வேலைக்கும் தேர்வு இல்லையாமே?
– வாசகர், திருவண்ணாமலை

ரேஷன் கடை ஆட்களை மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் எடுக்கிறது. விற்பனையாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு. மதிப்பெண்ணும் நேர்முகமும் சேர்ந்து முடிவாகும். முதல் ஓராண்டு தொகுப்பூதியம். விற்பனையாளருக்கு 6,250 ரூபாய், பிறகு 8,600 முதல் 29,000 வரையிலான விகிதம். பணி கூட்டுறவுச் சங்கத்தில் என்பதால், நேரடி அரசு ஊழியர் என்று எண்ணிச் சேர வேண்டாம்.

லேப் டெக்னீசியன் நிலை 3-க்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மதிப்பெண்ணை எடை போட்டு எடுத்திருக்கிறது: பத்தாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டுக்கு 30, தொழிற்படிப்புக்கு 50. ஒருவர் முறையே 84, 72, 80 சதவீதம் வைத்திருந்தால் 16.8, 21.6, 40, மொத்தம் 78.4. பாதி எடை தொழிற்படிப்பில் இருப்பதால், இப்போது படித்துக்கொண்டிருக்கிறவர் இன்னும் ஏற முடியும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 19 ஆண்டு. சீனியாரிட்டிப்படி கடிதம் வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நில்லாமல் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து விண்ணப்பம் வாங்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பதிவு மூப்பின் பலம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் பதிவைச் சாகவிட வேண்டாம். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். புதிதாக ஒரு படிப்பை முடித்தால் உடனே சேருங்கள், அந்தப் படிப்புக்கான மூப்பு சேர்த்த நாளிலிருந்துதான் ஓடும். ஆதரவற்ற விதவை, கலப்புத் திருமணம் போன்ற முன்னுரிமை உங்களுக்கு உண்டென்றால் அது பதிவு அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரயில்வேயில் குரூப் சி வேலை, தேர்வு இல்லை, இன்டர்வியூ மட்டும்தான் என்று ஒருவர் 4 லட்சம் கேட்கிறார். அழைப்புக் கடிதம்கூடக் காட்டினார்.
– வாசகர், சேலம்

கொடுக்காதீர்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே இல்லை. ஆகவே 'இன்டர்வியூ' என்று சொல்லும் அந்தக் கடிதமே போலி என்பதற்குச் சான்று. ரயில்வேயில் எழுத்துத் தேர்வில்லாமல், பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண் சராசரியில் எடுப்பது தொழிற்பழகுநர்களை (அப்ரன்டிஸ்). அது பயிற்சி, முடித்தவருக்கு லெவல் 1 (கடைநிலைப் பணி) நேரடி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்கும் தேர்வு எழுதியாக வேண்டும். பயிற்சிக் கடிதத்தையே நியமன ஆணை என்று காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், தலைப்பை நன்றாகப் படியுங்கள். முன்பணம் ஏற்கெனவே இணையம் வழியாகப் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவர் அனுப்பிய செய்திகளையும் அந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.