பல்கலைக்கழக ஆய்வை மக்களிடம் பகிர்வது என்றால் என்ன? அது ஏன் தேவை?

ஆய்வில் தெரியவந்ததை, அந்தத் துறையில் இல்லாதவர்களும் பயன்படுத்தும் விதத்தில் எடுத்துச் சொல்வதுதான் இது. ஊர்க்கூட்டத்தில் பேசலாம், வானொலியில் சொல்லலாம், துண்டுப் பிரசுரமும் அடிக்கலாம்.

ஆய்வுக் கட்டுரை சக ஆய்வாளர்களுக்காக எழுதப்படுவது; அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாதிரி. எண்கள் சரியாகத்தான் இருக்கும், ஆனால் "சர்க்கரை கூடியிருக்கு, ராத்திரி சோற்றைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னால்தான் நமக்கு உதவும்.

ராமநாதபுரம் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் தொடக்க காலத்தில் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து மீனவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று: ஆவுளியா என்கிற கடல்பசு மீன் இல்லை, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். இது தெரிந்த மீனவர் கரைக்கு வரும்வரை காத்திருக்க மாட்டார், அங்கேயே வலையை அறுத்து விட்டுவிடுவார். அது மேய்கிற கடல்புல் திட்டில்தான் இறால், நண்டுக் குஞ்சுகளும் வளர்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் காது கொடுப்பார்கள். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட இதுதான் எடுபடும் என்பது என் எண்ணம். அப்புறம், இந்த ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம்தான் செலவாகிறது.

படித்தவர் பேச, மீனவர் கேட்டுக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எந்தத் திட்டில், எந்தக் காற்றில் ஆவுளியா தென்படும் என்பதை ஆய்வாளர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதே கடலுக்குப் போகிறவர்களிடம்தான்.