பஸ் ஓடுமா, ஓடாதா? பனிநாள் முடிவுகள்: கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது டக் ஹில் மேட்டுப்பகுதி. அங்குள்ள சிறிய பள்ளி மாவட்டங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு, பஸ் தடங்கள் நீளம். பனியால் பள்ளி மூடும் 'பனிநாள்' பற்றிய கேள்விகளுக்கு, அத்தகைய மாவட்டம் ஒன்றின் பஸ் பணிமனையில் வேலை பார்ப்பவர் பதில் சொல்கிறார்.

பள்ளியை மூடுவது யார்? எத்தனை மணிக்கு முடிவாகிறது? (ஆஸ்விகோ பக்கம் புதிதாகக் குடிவந்த ஒரு தாய்)

முடிவெடுப்பது பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டன்ட் மட்டுமே. பள்ளி முதல்வரையோ வாரிய உறுப்பினரையோ கூப்பிட்டுப் பயனில்லை.

வேலை அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்கே தொடங்கிவிடும். போக்குவரத்துப் பொறுப்பாளர் முதலில் சாலைத் துறை ஆட்களிடம் பேசுவார். இங்கே மாநிலச் சாலை, கவுண்டி சாலை, டவுன் சாலை மூன்றையும் பெரும்பாலும் வெவ்வேறு குழுக்கள்தான் பனி தள்ளிச் சுத்தம் செய்கின்றன. அதனால் 177-ஆம் நெடுஞ்சாலை கறுப்பாகத் தெரியும்போதே அதிலிருந்து பிரியும் டவுன் சாலை வெள்ளையாக மூடிக் கிடக்கும். பஸ் போவது இரண்டிலும்தான். நாலரை மணிக்கு யாராவது ஒருவர் மிக மோசமான ஏற்றங்களிலும் வளைவுகளிலும் வண்டி ஓட்டிப் பார்த்து, பிரேக் அழுத்தி, எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்று சொல்வார். ஐந்து மணிக்குப் பக்கத்து மாவட்டங்களோடு பேச்சு. தொழிற்கல்விக்குப் பல மாவட்டப் பிள்ளைகள் ஒரே மையத்துக்குப் போவதால், ஒருவர் மூடினால் மற்றவருக்கும் தெரிய வேண்டும். ஐந்தரைக்குள் முடிவு. அதற்குமேல் தள்ளினால் டிரைவர்கள் வண்டியைச் சோதித்துக் கிளம்பிவிடுவார்கள்.

முந்தைய இரவே ஏன் சொல்வதில்லை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஏரிப்பனி, அதாவது ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று ஏரியின் ஈரத்தை ஏந்திவந்து கொட்டும் பனி, பட்டையாக விழும். காற்றின் திசை கொஞ்சம் மாறினால் பட்டை பத்து மைல் தள்ளிப் போய்விடும், இரவில் மூடிய ஊரில் காலையில் வெயில் அடிக்கும். மாநிலம் முழுக்கப் பரவும் பெரும்புயல், கடுங்குளிர் இரண்டையும்தான் முந்தைய இரவே நம்பி அறிவிக்கலாம்.

நாளைக்கு லீவா?

ஐந்தரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். உங்கள் எண் பள்ளிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எங்கள் வாசலில் 14 அங்குலம். பள்ளி திறந்திருக்கிறது. போன மாதம் ஓர் அங்குலம்கூட இல்லை, மூடினார்கள். என்ன நியாயம்?

ஆழத்தை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. இரவு பத்து மணிக்கு நின்றுபோன 14 அங்குலத்தை விடிவதற்குள் தள்ளிவிடலாம். காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் 3 அங்குலம் அதைவிட ஆபத்து. எல்லாவற்றிலும் கெட்டது உறைமழை, அதாவது தரையில் பட்டதும் கட்டியாக உறையும் மழை. கால் அங்குலப் பனிக்கட்டி ஏறினால் பஸ் மட்டுமல்ல, பனி தள்ளும் வண்டியே சரிவில் நிற்காது. அடுத்தது காற்று. திறந்த வயல்வெளிகளில் தள்ளிய சாலை அரைமணியில் மறுபடி மூடிக்கொள்ளும்.

உப்பு போட்டால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சாலைத் தளம் 15 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் சாதாரணக் கல்லுப்பு மிக மெதுவாகத்தான் கரைக்கும். அப்போது மணல் தூவுவார்கள். மணல் பிடிமானம் தரும், உருக்காது.

14 என்று நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். வானிலை அறிக்கை 9 என்கிறது. மறைக்கிறார்களா?

யாரும் மறைக்கவில்லை. எங்கே, எப்படி அளந்தீர்கள் என்பதுதான் விஷயம். புல்தரையில் குத்தினால் ஸ்கேல் புல்லுக்குள் இறங்கும். சுவரோரத்தில் காற்று குவித்த பனி இருக்கும். வெள்ளைப் பெயின்ட் அடித்த பிளைவுட் பலகை ஒன்றை, வீட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளித் திறந்த இடத்தில் வையுங்கள். அளந்ததும் துடைத்துவிட்டு, புதிய பனியின் மேல்மட்டத்தில் மறுபடி வையுங்கள்.

துடைத்துத் துடைத்து மணிக்கு ஒருமுறை அளந்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே? (வாட்டர்டவுன்)

இருக்காது, கூடுதலாகக் காட்டும். பனி தன் எடையிலேயே அமுங்கும். அமுங்குவதற்குள் துடைத்துத் துடைத்துக் கூட்டினால் கணக்கு வீங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறை, அதற்குமேல் கூடாது என்பதுதான் விதி. 1997 ஜனவரியில் இதே டக் ஹில்லில் மான்டேக் ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று பதிவானது. நான்கு முறைக்குமேல் அளந்து கூட்டியதால்தான் அது தேசியச் சாதனையாக ஏற்கப்படவில்லை.

அப்படியானால் அங்கே விழுந்த பனி பொய்யா? எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் 77 என்றுதான் சொல்கிறார்கள். (லோவில்)

பனி பொய்யில்லை. கண்ணெதிரே குவிந்ததை யாரும் மறுக்கவில்லை. ஒரே விதியில் அளந்தால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும். ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லட்டும், ஏட்டில் ஏறுவதற்கு வேறு ஒழுங்கு.

கார் கூரையில் அளந்தால்?

கூடாது. எஞ்சின் சூடும் காற்றும் கெடுத்துவிடும்.

கார் என்றதும் சொல்லிவிடுகிறேன்: பனியில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்யுமுன் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றி முழுக்க வாரிவிடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது. பிள்ளைகளைச் சூட்டில் உட்காரவைத்துவிட்டு வெளியே கண்ணாடி சுரண்டும் பழக்கம் உயிரைப் பறிக்கும்.

அளவு விவாதம் முடியவில்லையே. ஆழம் எதற்குமே பயன்படாதா?

எடைதான் பயன்படும். கூரைக்கு அதுதான் கேள்வி. வழக்கமாகப் பத்து அங்குலப் பனி உருகினால் ஓர் அங்குலத் தண்ணீர். ஏரிப்பனி பஞ்சுபோல இருப்பதால் இருபது அங்குலம்கூட ஓர் அங்குலம்தான் ஆகும். ஓர் அங்குலத் தண்ணீர் ஒரு சதுர அடிக்கு 5.2 பவுண்டு. இரண்டடி பஞ்சுப் பனியைத் தாங்கும் தட்டைக் கூரை, அதன்மேல் மழை பெய்து ஊறினால் திணறும். பள்ளிக் கூரையைப் பார்த்துவிட்டுத் திறப்பதற்காக ஒருநாள் மூடுவதும் உண்டு. அளவு பற்றி இத்தோடு போதும், பஸ் பற்றிக் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

சாலை நன்றாக இருந்தும் "குளிரால் இரண்டு மணி தாமதம்" என்கிறார்கள். பஸ்ஸுக்கு என்ன ஆகிறது அண்ணா?

நல்ல கேள்வி. வழக்கமான நம்பர் 2 டீசலில் மெழுகு உண்டு. சுமார் 10 முதல் 15 பாரன்ஹீட்டுக்கு வரும்போது அது பிரிந்து ஃபில்டரை அடைக்கத் தொடங்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, பாதி வழியில் மூச்சு நின்றுபோகும். ஆகவே குளிர்காலத்தில் மெழுகு குறைந்த நம்பர் 1 டீசல் கலப்பார்கள். உறைவுதடுப்பு மருந்தை மெழுகு பிரியும் முன்பே ஊற்ற வேண்டும், பிரிந்தபின் ஊற்றினால் பலனில்லை.

எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவியான பிளாக் ஹீட்டரை இரவு முழுக்கச் செருகி வைப்பார்கள். இரவில் கரன்ட் போனால் எல்லா வண்டியும் ஒன்றாகக் குளிர்ந்துவிடும், அன்று தாமதம் நிச்சயம். பூஜ்ய பாரன்ஹீட்டில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கில் ஈரம் தங்கினால் குழாய்க்குள் உறைந்து பிரேக் விடாது அல்லது பிடிக்காது. அதனால் தினமும் காற்றுத் தொட்டிகளை வடித்துவிட வேண்டும். வெளியே நிற்கும் வண்டிகளில் முதலில் கவனிப்பது இதைத்தான்.

இரண்டு மணி தாமதம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் வரும், தள்ளும் வண்டிக்கு இன்னொரு சுற்று கிடைக்கும், வெப்பநிலை சில டிகிரி ஏறும். பல நாட்களைக் காப்பாற்றுவது இதுதான்.

எத்தனை டிகிரியில் மூடுவார்கள்?

மாநிலச் சட்டத்தில் எண் இல்லை, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். பார்ப்பது காற்றோடு சேர்ந்த குளிரை. பூஜ்ய பாரன்ஹீட், மணிக்கு 15 மைல் காற்று என்றால் உடம்புக்கு மைனஸ் 19. மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையலாம். பஸ் இருபது நிமிடம் தாமதமானால் பிள்ளை எங்கே நிற்கும் என்பதை நீங்களே யோசித்து வையுங்கள்.

ஸ்டாப்பில் பிள்ளைகள் பனிக்குவியலில் குகை தோண்டி விளையாடுகிறார்கள். சரிதானே?

வேண்டவே வேண்டாம். சாலையோரக் குவியலில் தோண்டக்கூடாது, ஏறக்கூடாது. தள்ளும் வண்டி அடுத்த சுற்றில் அதே குவியல்மேல்தான் பனியைக் கொட்டும். உள்ளே பிள்ளை இருப்பது டிரைவருக்குத் தெரியாது. மேலிருந்து வழுக்கினால் நேராகச் சாலைக்குள் விழும்.

நாளைக்கு லீவ் விடுவாங்களா சார்?

மேலே சொல்லியாயிற்று.

பிப்ரவரியில் ஏரி உறைந்தால் ஏரிப்பனி நின்றுவிடுமா?

ஈரி ஏரி ஆழம் குறைந்தது, உறைந்தால் அந்தப் பக்கம் குறையும். ஒன்டாரியோ ஆழமானது, முழுதாக உறைவது அரிது. நமக்கு மார்ச் வரை உண்டு.

பனிநாளுக்குப் பதில் வீட்டிலிருந்தே கணினியில் பாடம் நடத்தலாமே?

நியூயார்க்கில் அனுமதி உண்டு. பள்ளி 180 நாள் நடக்க வேண்டும், குறைந்தால் மாநில உதவித்தொகை வெட்டப்படும். ஒதுக்கிய பனிநாட்கள் தீர்ந்தால் வசந்த விடுமுறையைப் பிடுங்குவார்கள், மிஞ்சினால் மே கடைசியில் திருப்பித் தருவார்கள். ஆனால் மலைப்பக்கம் பல வீடுகளில் இணையம் சரியில்லை, புயலில் கரன்டும் போகும். அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நடத்தும் நாளை நான் பள்ளிநாளாக எண்ணமாட்டேன்.

பள்ளி மதியமே விட்டுவிட்டால்? நாங்கள் இருவருமே வேலையில் இருப்போம்.

இதை அதிகம் பேர் கேட்கவில்லை, ஆனால் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். காலையில் மூடினால் பிள்ளை வீட்டில் உங்களோடு இருக்கும். மதியம் விட்டால் பூட்டிய வீட்டு வாசலில் இறங்கும். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் இல்லாமல் இறக்காமல் பள்ளிக்கே திருப்பிக் கொண்டுவரும் மாவட்டங்கள் உண்டு, எல்லாமும் அப்படியல்ல. உங்கள் மாவட்ட விதியைக் கேளுங்கள். அவசரத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு வீட்டாரின் பெயரையும் எண்ணையும் பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அவர்களிடமும் ஒரு சாவி இருக்கட்டும். பையில் கூடுதலாக ஒரு ஜோடி உலர்ந்த கையுறையும் சாக்ஸும் வையுங்கள். நீங்கள் விரைந்து கிளம்பும்போதும் முதலில் புகைக்குழாய், பிறகு சாவி.