ஆலையின் நிறம் எதுவரை?

கேள்வி: அக்கா, பைன்டவுனில் எங்கள் குடும்பத்துக்கு மசாலா அரைக்கும் ஆலை இருக்கிறது. பாக்கெட்டில் உள்ள சிவப்பையும் மஞ்சளையும் ஆலை முழுக்கப் பூசி, எல்லாப் பலகைகளையும் அதே நிறத்தில் வைக்கலாம் என்கிறான் என் தம்பி. வாசலில் பெயரைத் தமிழிலும் எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முகப்பு, லாரி, வரவேற்பறை, வேலையாட்களின் சட்டை எல்லாவற்றிலும் உங்கள் சிவப்பும் மஞ்சளும் தாராளமாக இருக்கட்டும், தங்கச்சி. அரைக்கும் கூடத்துக்குள் மட்டும் வேண்டாம்.

நம் தென்னாப்பிரிக்காவில் பாதுகாப்புப் பலகைகளுக்கு சான்ஸ் 1186 என்ற தேசியத் தரநிலை உண்டு. குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் தடை. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. நீல வட்டம் என்றால் கட்டாயம்: கையுறை, காதடைப்பு போன்றவை. பச்சை, வெளியேறும் வழிக்கும் முதலுதவிக்கும். தீயணைப்புக் கருவிக்கும் சிவப்புத்தான். சுவரே சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால், அரவை இயந்திரத்தின் மேலுள்ள முக்கோணம் யார் கண்ணில் படும்? விரலை இழுத்துக்கொள்ளும் இயந்திரம் அது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கூடத்தின் சுவர் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும். குழாய்களுக்கும் உங்கள் நிறத்தைப் பூசாதீர்கள், அவற்றின் நிறங்களுக்கு சான்ஸ் 10140 என்ற தரநிலை தனியாக இருக்கிறது.

பாதுகாப்புப் பலகைகளில் ஆங்கிலத்தோடு ஜூலுவிலும் எழுதுங்கள். அதைக் கணினி மொழிபெயர்ப்பில் விட்டுவிடாமல், கூடத்தில் வேலை செய்யும் ஜூலு பேசுகிறவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

மசாலா ஆலையில் தூள் எல்லாவற்றின் மேலும் படியும், தினமும் துடைக்க வேண்டும். அதனால் உள்ளே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஈரத்தில் ஓரம் உரிந்து துண்டு மசாலாவில் விழுந்தால் பெரிய தலைவலி. விளிம்புச் சட்டம் இல்லாத தட்டைப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் பொருத்துங்கள், மேல் விளிம்பில் தூள் தங்காது. வெளிப்பலகைக்கு குரோமாடெக் என்ற, நிறம் பூசிய எஃகுத் தகடு நல்லது. அதன் மேல் எழுத்து ஒட்ட, வெளியில் நீண்ட நாள் தாங்கும் காஸ்ட் வினைல் படலத்தையே கேளுங்கள், விலை கூடத்தான். வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்பு, உங்களுக்கோ அதுதான் முக்கிய நிறம்.

இனி அப்பாவின் ஆசை. கட்டாயம் எழுதுங்கள். இந்த ஊரில் தமிழில் பெயர் தாங்கி நிற்கும் ஆலையைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் பலகைக் கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பது அபூர்வம். அவர்களுடைய வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படாமல் இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வெட்டி முடித்த பிறகு தெரிந்தால் தகடு வீண். அதனால் அப்பாவைக் கடைக்கே கூட்டிப் போய்த் திரையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு எழுத்துருவை வடிவக் கோடுகளாக மாற்றி, அந்தக் கோப்பையே வெட்டக் கொடுக்கட்டும்.

அளவுக்கு எங்கள் பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு: 30 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க எழுத்து குறைந்தது 100 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். தமிழில் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள்.