ஏசி பவர் சோர்ஸ் வாங்கியாகிவிட்டது, இனி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இதுவரை வேரியாக்கை (நாப் திருப்பி ஏசி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துத்தான் சோதனை செய்துகொண்டிருந்தோம். இப்போது 1 கேவிஏ புரோகிராமபிள் ஏசி சோர்ஸ் (வோல்டேஜையும் ஃபிரீக்வென்சியையும் நாம் செட் செய்தபடி தரும் கருவி) வந்திருக்கிறது. சாதாரண சாக்கெட்டில் செருகினால் போதுமா?

பதில்: தனி லைன் இழுத்துவிடுங்கள், அதற்கென்று ஒரு பிரேக்கரும் போடுங்கள். முழு லோடில், உள்ளே வெப்பமாகப் போவதையும் சேர்த்துப் பார்த்தால் 230 வோல்ட் சப்ளையிலிருந்து ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் தாங்கும்தான், ஆனால் அதே லைனில் சால்டரிங் ஸ்டேஷனும் ஹீட்டரும் ஓடினால் தாங்காது. செருகுவதற்கு முன் பின்பக்க பெயர்ப்பலகையில் இன்புட் வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது, செலக்டர் ஸ்விட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

எர்த் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குத்தான் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் சப்ளையின் பாதி வோல்டேஜ் பாடியில் நிற்கும், தொட்டால் சுர்ரென்று இருக்கும். இதே கசிவுதான் சில சமயம் எர்த் லீக்கேஜ் பிரேக்கரையும் தட்டிவிடுகிறது. அதற்காக எர்த் ஒயரைக் கழற்றிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. சரியான வழி, அந்த பிரேக்கரில் தொங்கும் மற்ற கருவிகளை வேறு லைனுக்கு மாற்றுவது.

காற்று உள்ளே போகும் பக்கத்தையும் வெளியே வரும் பக்கத்தையும் மறைக்காமல் வையுங்கள். ரேக்கில் ஏற்றுவதாக இருந்தால் எடை முழுவதும் முன்பக்கக் காதுகளில் தொங்கக் கூடாது, அடியில் தாங்குகிற ரெயில் வேண்டும்.

கேள்வி: என்னுடையது 500 விஏ சோர்ஸ். வெறும் 200 வாட் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக மாற்றும் ஸ்விட்சிங் பவர் சப்ளை) போட்டு அவுட்புட்டை ஆன் செய்தாலே ஓவர் கரண்ட் என்று டிரிப் ஆகிறது. சோர்ஸ் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை, வாட் கணக்கை மட்டும் பார்த்ததுதான் சிக்கல். 200 வாட் என்பது எஸ்எம்பிஎஸ் வெளியே தருவது. எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் உள்ளே இழுப்பது 235 வாட், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் விஏ-வில் வாட் எவ்வளவு பங்கு என்பது) திருத்தம் இல்லாத பழைய மாடலாக இருந்து பவர் ஃபேக்டர் 0.6 என்றால் அது 390 விஏ ஆகிவிடுகிறது. 230 வோல்ட்டில் 1.7 ஆம்பியர். அதுவும் சைன் அலையாக வராமல், ரெக்டிஃபையருக்குப் பின்னால் உள்ள கெபாசிட்டர் நிரம்பும் சின்ன இடைவெளியில் மட்டும் கூர்மையாகப் பாய்வதால் உச்சம் 5 ஆம்பியரைத் தாண்டும். இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஆன் ஆகும் நொடியில் கெபாசிட்டர் காலி, 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட், நடுவில் ஒரு தெர்மிஸ்டரின் (சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் பாகம்) சில ஓம்கள் மட்டுமே, அதனால் கரண்ட் பல பத்து ஆம்பியருக்கு எகிறப் பார்க்கும். வேரியாக் என்றால் கொஞ்சம் உறுமிவிட்டுக் கொடுத்துவிடும். சோர்ஸின் உள்ளே இருப்பது டிரான்சிஸ்டர்கள், அவை தங்களைக் காப்பாற்றிக்கொள்ள உடனே கட் செய்துவிடும்.

முதலில் வோல்டேஜ் ரேஞ்ச் பாருங்கள். பல மாடல்களில் 150, 300 என்று இரண்டு ரேஞ்ச் இருக்கும், 300-இல் கிடைக்கும் கரண்ட் 150-இல் கிடைப்பதில் பாதிதான். அதனால் 110 வோல்ட் கருவியை 300 ரேஞ்சிலேயே வைத்து ஓட்டினால் கையில் இருக்கிற பாதி கரண்ட்டை நீங்களே விட்டுவிடுகிறீர்கள்.

அடுத்தது ஸ்டார்ட் ஃபேஸ், அதாவது அலையின் எந்தக் கோணத்தில் அவுட்புட் தொடங்க வேண்டும் என்ற செட்டிங். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 0 டிகிரி வையுங்கள், அலை பூஜ்யத்திலிருந்து ஏறும்போது கெபாசிட்டர் கொஞ்சமாவது மெதுவாக நிரம்பும். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் நேர் எதிர், 90 டிகிரியில் தொடங்க வேண்டும், 0-வில் தொடங்கினால்தான் கோர் (நடுவில் உள்ள இரும்பு) சாச்சுரேட் ஆகி, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாமல் போய், கரண்ட் எகிறும். இந்த ஒரு செட்டிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சோர்ஸைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும் ரேம்ப் வசதியும் உதவும், ஆனால் நீட்டிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் 115 வோல்ட்டிலேயே விழித்துக்கொண்டால், அதே பவரை எடுக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு கரண்ட் கேட்கும், பாதி வழியிலேயே டிரிப் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸின் அவுட்புட்டில் லோடு இல்லாமல் ஏற்றிவிட்டு அப்புறம் லோடு கொடுப்பது நல்லது. ஓவர் கரண்ட் டிரிப்புக்கு டிலே கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் டிரிப் ஆனால் பெரிய சோர்ஸ்தான் வேண்டும். ஆரம்பக் கரண்ட்டையே அளக்கும் சோதனை என்றால் கண்டிப்பாகப் பெரியதுதான், இல்லாவிட்டால் கருவியின் அளவை அல்ல, உங்கள் சோர்ஸின் வரம்பைத்தான் அளந்து எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: டெஸ்டர் வைத்துப் பார்த்தால் சோர்ஸின் இரண்டு டெர்மினலிலும் விளக்கு சரியாக எரியவில்லை, மல்டிமீட்டரில் 230 காட்டுகிறது. எது சரி?

பதில்: மல்டிமீட்டர்தான் சரி. பல சோர்ஸ்களில் அவுட்புட் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும், அதனால் டெஸ்டர் வழியாக எர்த்துக்குக் கரண்ட் சரியாகப் போகாது. டெஸ்டர் எரியவில்லை என்று கையை வைத்துவிடாதீர்கள், இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் முழு வோல்டேஜ் இருக்கிறது. எர்த்துக்குக் கசியும் கரண்ட்டை அளக்கும் சோதனைக்கு நியூட்ரலை எர்த்தில் சேர்க்க வேண்டியிருக்கும், உங்கள் மாடல் அதை அனுமதிக்கிறதா என்று மேனுவலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சேர்த்த பிறகு ஆஸிலோஸ்கோப் புரோபின் எர்த் கிளிப்பை லைன் பக்கம் மாட்டினால் நேரடி ஷார்ட். எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பின்னால் சென்ஸ் என்று இரண்டு டெர்மினல் தனியாக இருக்கிறது. அதை இணைக்காமல் விட்டுவிடலாமா?

பதில்: வோல்டேஜை எந்த இடத்தில் அளந்து சரிசெய்ய வேண்டும் என்று சோர்ஸுக்குக் காட்டுவதுதான் சென்ஸ். லோடு பக்கத்திலேயே இருந்தால், லோக்கல் சென்ஸில் (சோர்ஸ் தன் டெர்மினலிலேயே அளப்பது) வைத்துவிட்டு மறந்துவிடலாம். தூரத்தில் இருந்தால் கணக்கு மாறும். 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். லோடு 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 20 மீட்டர், 0.24 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். சென்ஸ் ஒயரை லோடின் டெர்மினலுக்கே கொண்டுபோனால் சோர்ஸ் அந்த இழப்பைத் தானே கூட்டிக்கொடுக்கும். இரண்டு ஒயரையும் முறுக்கிக் கொண்டுபோங்கள், லைனும் நியூட்ரலும் மாறக் கூடாது. சோர்ஸுக்கும் சென்ஸ் எடுக்கும் இடத்துக்கும் நடுவில் ஸ்விட்ச்சோ ரிலேயோ வைக்காதீர்கள். அது திறந்தால் வோல்டேஜ் விழுந்துவிட்டது என்று நினைத்து சோர்ஸ் மேலே ஏற்றப் பார்க்கும்.

கேள்வி: 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபிரீக்வென்சியை மட்டும் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது. வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கோர் சாச்சுரேட் ஆகி வைண்டிங் சூடேறும். 230-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் சுமார் 192 வோல்ட். நான்கு போல் மோட்டாரின் சிங்க்ரனஸ் வேகம் 1800-லிருந்து 1500 ஆகும், அதோடு சேர்ந்து அதன் ஃபேனும் மெதுவாகும், அதனால் முழு லோடில் வெகுநேரம் விடாதீர்கள். 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் சப்ளையிலேயே அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி என்றால், வோல்டேஜைக் குறைக்காமல் கொடுத்து, வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

கேள்வி: கிரிட்டில் இணையும் சோலார் இன்வெர்ட்டரை இந்த சோர்ஸோடு இணைத்துச் சோதிக்கலாமா?

பதில்: சாதாரண சோர்ஸோடு கூடாது. அது கரண்ட் கொடுக்கத்தான் தெரிந்தது, வாங்கிக்கொள்ளத் தெரியாது. இன்வெர்ட்டர் உள்ளே தள்ளும் சக்தியில் சோர்ஸின் உள்ளே இருக்கும் டிசி பகுதியின் (டிசி பஸ்) வோல்டேஜ் ஏறி, டிரிப் ஆகும் அல்லது வெடிக்கும். வரும் சக்தியை வாங்கி லைனுக்கே திருப்பிவிடும் ரீஜெனரேட்டிவ் வகை வேண்டும், அல்லது இன்வெர்ட்டர் கொடுப்பதைவிட அதிகமாக எரிக்கும் ரெசிஸ்டர் லோடு பக்கத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும். சோர்ஸின் அவுட்புட்டைச் சுவர் சாக்கெட்டோடு சேர்ப்பதும் இதே காரணத்துக்காகக் கூடவே கூடாது.

கேள்வி: வோல்டேஜ் டிப் (சப்ளை சட்டென்று இறங்கித் திரும்ப ஏறுவது) சோதனையைக் கையால் நாப் திருப்பிச் செய்யலாமா?

பதில்: முடியாது. ஐஇசி 61000-4-11 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் டிப்களில் ஒன்று, வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழுந்து அரை சைக்கிளில் திரும்புவது. 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லிசெகண்ட். இன்னொன்று வோல்டேஜ் 70 சதவீதத்துக்கு இறங்கி 25 சைக்கிள் நிற்பது, அதாவது அரை நொடி. லிஸ்ட் மோடில் ஒவ்வொரு படியின் வோல்டேஜ், நேரம், தொடங்கும் கோணம் மூன்றையும் எழுதி மெமரியில் வையுங்கள். கருவியை இணைப்பதற்கு முன் வெறும் ரெசிஸ்டர் லோடில் ஓட்டி, அலை நீங்கள் எழுதியபடி வருகிறதா என்று ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுகிறீர்கள் என்றால், புரோகிராம் நடுவில் தொங்கிவிட்டாலும் அவுட்புட் ஆனிலேயே நிற்கும் என்பதை மறக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு எமர்ஜென்சி ஸ்விட்ச் இருக்கட்டும், பவர் ஆன் ஆகும்போது அவுட்புட் ஆஃபிலேயே தொடங்கும்படி செட்டிங்கில் வைத்துவிடுங்கள்.